எஸ்போசிட்டோ என்றால் அரச குலமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்துப் பெண், இத்தாலியில் பலேர்மோவில் வசிக்கிறேன். எனக்கு நிச்சயமாகியிருக்கும் மாப்பிள்ளை நேப்பிள்ஸ்காரர். அவருடைய குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. அது அநாதைகளுக்கு வைத்த பெயர் என்று யாரோ சொன்னதில் அம்மாவுக்குக் கவலை. ஓர் இணைய நிறுவனமோ அது பிரபுக் குலம் என்கிறது. குலச்சின்னமும் வம்ச வரலாறும் தர 250 யூரோ கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

அம்மா கேள்விப்பட்டது உண்மைதான். வெளியே விடப்பட்ட குழந்தை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா என்ற தேவாலயமும் அதைச் சேர்ந்த காப்பகமும் இருந்தன. அதன் சுவரில் ஒரு சுழல்பெட்டி. வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்; விட்டவர் முகம் தெரியாது. 1875-ல்தான் அதை மூடினார்கள். அப்படி வந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர் இது. தவறிப் பிறந்த பிள்ளைகள் மட்டுமல்ல, சோற்றுக்கு வழியில்லாத தம்பதிகளின் பிள்ளைகளும் அதில் உண்டு.

ஆனால் 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட முரா இந்தப் பெயரை வைக்கவே தடை போட்டார். ஆகவே மாப்பிள்ளைக்கு அது அப்பன் பாட்டன் வழியாக வந்த சாதாரணப் பெயர். இன்று நேப்பிள்ஸில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயரும் இதுதான். அங்கே யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, அந்த 250 யூரோ. குலச்சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. பிரபுப் பட்டங்களையே இத்தாலியின் 1948 அரசியலமைப்பு அங்கீகரிக்கவில்லை. பட்டத்துக்கே மதிப்பில்லாத நாட்டில் கேடயப் படத்தைக் காசுக்கு விற்கிறார்கள்!

இவர்கள் இன்னொரு தூண்டிலும் போடுவார்கள்: "சுழல்பெட்டிக்கு முந்தைய பெற்றோரையும் கண்டுபிடித்துத் தருவோம்." சில குழந்தைகளோடு துண்டுச்சீட்டோ பாதியாக வெட்டிய பதக்கமோ வைத்திருப்பார்கள், பின்னால் அடையாளம் காட்டி மீட்க. அப்படி மீட்டவர்களும் உண்டு. ஆனால் பிள்ளையை எடுத்துவந்த பெற்றோர் சொந்தப் பெயரைக் கொடுத்திருந்தால் எஸ்போசிட்டோ என்ற பெயரே தொடர்ந்திருக்காது. பெயர் நிலைத்திருக்கிறது என்றால் பெரும்பாலும் யாரும் வரவில்லை. சீட்டு இருந்தாலும் ஞானஸ்நானம் ஆயிற்றா, என்ன பெயர் என்று மட்டும் எழுதியிருக்கலாம். பெற்றோர் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. அபூர்வமான இந்த விதிவிலக்கை எல்லோருக்கும் பொதுவாக்கிக் காசு பார்க்கிறார்கள். நம்பாதீர்கள்.

நிஜமாகவே தேட ஆசையா? நேப்பிள்ஸில் 1809 முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் உண்டு. அரசு ஆவணக் காப்பகங்களின் 'அன்தெனாத்தி' இணையதளத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அண்மைத் தலைமுறைக்கு நகராட்சிதான் கதி. கடிதம் போட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பதில் வர மாதங்கள் ஆகும், வந்தாலும் "ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள்" என்று இருக்கும், காப்பகமோ நகராட்சியைக் கைகாட்டும். இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்த அலட்சியத்தால்தான்.

பிறப்புப் பதிவிலிருந்து ஆரம்பிக்காமல், பழைய திருமணப் பதிவோடு கோத்து வைத்த இணைப்புத் தாள்களைத் தேடுங்கள். மணமக்களின் ஞானஸ்நான நகலும், சில சமயம் இறந்துபோன தாத்தாவின் மரணச் சான்றும்கூட அதற்குள் இருக்கும். 1809-க்கு முந்தைய தலைமுறை அங்கே அகப்படும்.