தீவு நாடுகளின் பேரிடர்த் திட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாலத்தீவு போன்ற சின்னஞ்சிறு தீவு நாடுகள் பேரிடருக்கு எப்படித் தயாராகின்றன, எப்படித் தயாராக வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே.

கேள்வி: மாலத்தீவில் மேடு என்பதே கிடையாது என்கிறார்கள். ஆனாலும் 2004 சுனாமியில் நம் கடற்கரையைவிட அங்கே இறந்தவர்கள் குறைவு. எப்படி? இன்னொரு முறை வந்தால் மக்கள் எங்கே ஓடுவார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

அன்று மாலத்தீவில் 82 பேர் இறந்தார்கள், 26 பேரைக் காணவில்லை. நீண்டு கிடக்கும் ஆழமற்ற கடலடியில் ஏறி வரும்போதுதான் சுனாமி அலை உயரமாகிறது. பவளத் தீவுகளோ ஆழ்கடலிலிருந்து சுவர்போல எழுந்து நிற்பவை. அலை நிமிர்வதற்கு அங்கே இடமில்லை. பெரும்பாலான தீவுகளில் அது வேகமாக ஏறும் வெள்ளமாக வந்து, தீவைக் கடந்து போனது. பொழுது விடிந்த பிறகு வந்ததும் நல்லதாயிற்று.

உயிரிழப்பு குறைவு என்பதால் அடி லேசானது என்று எண்ணிவிடக் கூடாது. நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் சுமார் 62 விழுக்காட்டுக்கு ஈடான இழப்பு அது. ரா அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில் இருந்த கந்தொல்ஹுதூ என்ற ஊரையே மக்கள் கைவிட நேர்ந்தது. பல ஆண்டுகள் தற்காலிகக் குடியிருப்புகளில் காத்திருந்த பிறகே, ஆளில்லாதிருந்த துவாஃபரு தீவில் அவர்களுக்குப் புது ஊர் எழுந்தது.

ஓட மேடு இல்லை, ஏற மாடி உண்டு. பள்ளி, பள்ளிவாசல், தீவு மன்றக் கட்டடம் ஆகியவற்றில் ஒன்றையாவது கான்கிரீட் மாடியோடு கட்ட வேண்டும். தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து வெளியேற வழிவிட வேண்டும், அடித்தளம் மண் அரிப்பைத் தாங்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் வீதம், 900 பேர் வாழும் தீவானால் 900 சதுர மீட்டர் மாடியிடம் தேவை. சுமத்ராவிலிருந்து அலை வர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். இன்று இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை தருகின்றன. தகவல் தலைநகர் மாலேக்கு வந்து சேர்வதில் சிக்கல் இல்லை. கடைசித் தீவின் ஒலிபெருக்கிவரை அது போய்ச் சேர்கிறதா என்பதே கவலை. ஒத்திகையில் மூன்று விஷயங்களைக் கட்டாயம் பாருங்கள்: மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, நடக்க முடியாதவரை யார் தூக்குவது, மக்கள் முதல் அலையோடு இறங்கிவிடுகிறார்களா. அலைகள் பல மணி நேரம் தொடரும், இரண்டாவது மூன்றாவது அலை முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து தோணியில் காய்கறி போகும் நாடு அது. தலைநகரில் பெரிய கிடங்கு ஒன்று வைத்துவிட்டால் போதாதா? ஒவ்வொரு தீவுக்கும் தனித் திட்டம் எதற்கு? (தூத்துக்குடி வாசகர்)

போதாது. தீவு நாட்டுத் திட்டங்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பெரிய நாட்டில் ஒரு மாவட்டம் விழுந்தால் பக்கத்து மாவட்டம் ஓடிவரும். மாலத்தீவில் ஏறத்தாழ 190 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். மூவரில் ஒருவருக்கு மேல் மாலேயில். அந்த மாலேயே விழுந்தால் உதவி எங்கிருந்து கிளம்பும்? 2014 டிசம்பர் 4 அன்று அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது. புயலும் இல்லை, அலையும் இல்லை, ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது.

ஆகவே, ஒவ்வொரு தீவும் வெளி உதவியின்றி இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். 900 பேர் வாழும் ஒரு தீவை எடுத்துக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளுக்கு 6 லிட்டர். 14 நாளுக்கு 75,600 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் தொட்டிகள் 16. குளிக்க, கழுவ எல்லாம் சேர்த்து 15 லிட்டர் என்றால் 1,89,000 லிட்டர். கூரையிலிருந்து எவ்வளவு கிடைக்கும்? ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். தெறிப்பது, வழிவது போக 80 விழுக்காடு சேரும். 200 சதுர மீட்டர் பள்ளிக்கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 16,000 லிட்டர். 100 சதுர மீட்டருக்கு முதல் 50 லிட்டரையாவது வெளியே விட்டுவிட வேண்டும், பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும்.

இதிலே பெரும்பாலோர் செய்யும் பிழை, தொட்டிகளை எண்ணிவிட்டுத் தண்ணீர் இருக்கிறது என்று எழுதிவைப்பது. ஜனவரி முதல் ஏப்ரல்வரை அங்கே மழை குறைவு. மார்ச் கடைசியில் பல தீவுகளில் தொட்டி வறண்டு, படகில் தண்ணீர் அனுப்ப வேண்டியிருக்கும். திட்டத்தில் எழுத வேண்டியது மார்ச் மாத இருப்பு. நிறைந்த தொட்டி வெள்ளத்தில் நிற்கும், காலித் தொட்டி மிதந்து போய்விடும். உயர்ந்த மேடையில் வைத்து, பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

சிறிய உப்புநீக்கும் எந்திரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சிலர் நினைக்கிறார்கள். சும்மா கிடந்தால் அதன் சவ்வு கிருமி படிந்தோ காய்ந்தோ கெட்டுவிடும். நன்னீரால் அலசி, பாதுகாப்புக் கரைசலில் ஊறவைத்து, குறித்த இடைவெளியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் மாலேயில் இருக்கிறார் என்றால் அந்த எந்திரம் இருந்தும் இல்லாததுதான். டீசலைத் தனியே, கரையை விட்டுத் தள்ளி, உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: கடல்நீர் புகுந்த கிணற்றை உடனே இறைத்துவிட வேண்டும் என்கிறார்களே? (மட்டக்களப்பு வாசகர்)

அவசரப்பட்டு இறைப்பதால்தான் கெடுகிறது. பவளத் தீவிலும் உங்கள் கரையோர மணலிலும் நிலத்தடி நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் தணிந்தால், அடியில் உப்பு எல்லை அதைப்போல ஏறத்தாழ 40 மடங்கு மேலே வரும். 2004க்குப் பிறகு மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் உப்பு குறையாததற்கு இதுவே காரணம். சில கிணறுகள் இடிந்தும் விழுந்தன.

செய்ய வேண்டியது இது. சேறு, செத்த உயிர்கள், குப்பையை எடுத்துவிட்டு, மெதுவாக ஒரே ஒரு முறை இறையுங்கள். இறைத்த உப்புநீரைக் கிணற்றடியிலேயே ஊற்றாமல் தூரத்தில் விடுங்கள். பிறகு மழைக்குக் காத்திருங்கள், உப்பைக் கழுவுவது மழைதான், அதற்குச் சில மாதங்கள் ஆகும். கழிவுத்தொட்டி உடைந்து கலந்திருக்கும் என்பதால் கிருமியைக் கொல்லுங்கள்: 33 விழுக்காட்டு பிளீச்சிங் பவுடர் 15 கிராம், 1,000 லிட்டருக்கு. வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிநீரை மட்டும் ஊற்றி, அரை மணி கழித்துச் சோதியுங்கள். லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். குளோரின் உப்பை நீக்காது. குடிக்க வேறு தண்ணீர் வேண்டும்.

கேள்வி: இப்போதுதான் கைப்பேசி எல்லாரிடமும் இருக்கிறதே? (சென்னை வாசகர்)

பசிபிக் தீவு நாடான டோங்காவிலும் இருந்தது. 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்தபோது, நாட்டை வெளியுலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. வெளித்தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிளுக்கு ஓராண்டுக்கும் மேல். ஓடுதளத்தில் படிந்த சாம்பலை மக்கள் கையாலேயே வாரி அகற்றினார்கள். அதன் பிறகே உதவி விமானம் இறங்க முடிந்தது. மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயைச் சாம்பல் விழுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும் என்பதும் அங்கே கண்கூடாகத் தெரிந்தது.

தீவுக்கு, பேசவும் கேட்கவும் உதவும் உயர் அதிர்வெண் வானொலி ஒன்றும், ஒரு செயற்கைக்கோள் தொலைபேசியும், பேட்டரியோடு சூரியத்தகடும் வேண்டும். வாரம் ஒரு முறை குறித்த நேரத்தில் தலைநகரை அழைத்துப் பேசுங்கள். தொலைபேசியை அலமாரியில் பூட்டிவைத்து, அவசரத்தில் எடுத்தால் சந்தா காலாவதியாகியிருக்கும்.

கேள்வி: புயலடித்த தீவுக்குத் துணி, பாத்திரம் திரட்டி அனுப்பலாமா? (கோவை வாசகர்)

வேண்டாம், பணமாகக் கொடுங்கள். 2015 மார்ச்சில் பாம் புயலுக்குப் பிறகு பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் துறைமுகத்தில் யாரும் கேட்காத பொருட்கள் கன்டெய்னர் கன்டெய்னராகத் தேங்கின. தேவையான பொருளுக்கு இடம் இல்லாமல் போனது, வாடகையும் ஏறியது. நல்ல மனத்தோடு அனுப்பியவர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்காது.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம்? காப்பீடு எடுத்துவிட்டால்? (மதுரை வாசகர்)

கரீபியனில் டொமினிக்காவைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் மரியா புயலால் அந்நாட்டுக்கு நேர்ந்த இழப்பு ஓராண்டு உற்பத்தியைப்போல இரு மடங்குக்கும் மேல், சுமார் 130 கோடி டாலர். கரீபிய நாடுகளின் கூட்டுக் காப்பீட்டு நிதி ஏறத்தாழ 1.9 கோடி டாலர் கொடுத்தது. இழப்போடு வைத்துப் பார்த்தால் நூற்றில் ஒன்றரைப் பங்கு. ஆனால் இரு வாரத்துக்குள் கைக்கு வந்துவிட்டது. இடிந்ததை மதிப்பிட்டுத் தருவதில்லை, காற்றின் வேகம், மழையளவு போன்றவை ஒப்பந்த எல்லையைத் தாண்டினால் தருவது. அதனால்தான் அந்த வேகம். கஷ்டமும் அதிலேதான்: எல்லையைத் தொடாத மழை ஊரையே அடித்துப்போனாலும் பணம் வராது.

ஆகவே காப்பீட்டை முதல் சில வாரச் சம்பளம், எரிபொருள், மருந்துக்கு என்று ஒதுக்குங்கள். அடிக்கடி வரும் சிறு வெள்ளத்துக்கு நாட்டின் சொந்தக் கையிருப்பு, நடுத்தரத்துக்கு முன்கூட்டியே பேசி முடித்த கடன், அரிதான பேரடிக்குக் காப்பீடு. இந்த வரிசையில் ஒன்று குறைந்தாலும், நிதியமைச்சர் பள்ளிக்கூடம் கட்ட வைத்திருந்த பணத்தில்தான் கை வைப்பார்.