ஆங்கிலேயர் ஆட்சியால் நம் விவசாயிகளுக்கு நன்மைதானே அதிகம்?

"அணை கட்டினார்கள், ரயில் விட்டார்கள், அப்புறம் ஏன் குறை சொல்கிறோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிலத்தை நம்பிப் பிழைத்த குடும்பமாக இருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

என் தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதுகள் இருக்கின்றன. அதில் ஒன்று, வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் பசலி 1341, அதாவது 1931-32. உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்து, நெல் விலை படுத்துவிட்ட காலம். களத்தில் நெல் இருந்தது, கையில் காசு இல்லை. விலை இறங்கிய அளவுக்குக் கிஸ்தி இறங்கவில்லை. கெடு தப்பினால் ஜப்தி. அறுத்த கையோடு வியாபாரி சொன்ன விலைக்கே நெல்லைப் போட்டார் தாத்தா. அதுவும் போதாமல், மதகை ஒட்டிய நல்ல நிலத்தை அடமானம் வைத்தார். அந்த ரசீதின் பின்பக்கம் வட்டிக் கணக்கைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். கூட்டிக்கொண்டே போய், பாதியில் நிறுத்திவிட்டார். அந்த நிலம் எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை.

"ராஜாக்கள் வரி வாங்கவில்லையா?" என்று ஒருவர் வருவார், தெரியும். வாங்கினார்கள், கொடுமையும் செய்தார்கள். ஆனால் பெரும்பாலும் விளைந்ததில் பங்காக வாங்கினார்கள். விளைச்சல் குறைந்தால் அவர்கள் பங்கும் குறையும். கம்பெனியார் அதை ரூபாயாக்கி, தேதியும் குறித்தார்கள். விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்த ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோவே 1807-இல் தீர்வையில் கால் பங்கைக் குறைக்கச் சொன்னார், மேலிடம் கேட்கவில்லை. வரி வசூலிக்க விரலைக் கிட்டி என்ற மரக்கருவியில் வைத்து நெரித்ததையும், ஆளைக் குனியவைத்து அசையமுடியாதபடி அண்ணாந்தாள் கட்டிப்போட்டதையும் 1855-இல் சென்னை மாகாணத்தின் சித்திரவதை விசாரணைக் குழுவே பதிவு செய்திருக்கிறது. இது நான் கட்டிய கதை இல்லை.

அணைகளை நான் மறுக்கவில்லை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பெயரைச் சொன்னால் தேனிப் பக்கம் இன்றும் கும்பிடுவார்கள், அது நியாயம்தான். ஆனால் அதே ஆட்சியில்தான் 1876-78-இன் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1877-இல் பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். அந்தச் சமயத்திலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ரயில் விட்டார்கள் என்கிறீர்களே, உள்நாட்டுத் தானியத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனதும் அதே ரயில்தான்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். போன அறுவடைக்கு அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள்; காயவைத்துக் கொண்டுபோனால் சாக்கு இல்லை என்றார்கள். இடையில் மழையும் பிடித்துக்கொண்டது. மூட்டைக்கு இவ்வளவு லஞ்சம் என்று கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்தால் முதல் நாளே எடை போட்டிருப்பார்கள். வெள்ளைக்காரர் போய் இத்தனை வருடம் கழித்தும் களத்து நெல்லோடு விவசாயி ஏன் கைகட்டி நிற்க வேண்டும்? யாராவது இதையும் ஒரு கேள்வியாகப் போடுங்கள், அதற்கும் வந்து எழுதுகிறேன்.