எம்பி4 என்று பேர் இருந்தால் மட்டும் போதாது

கேள்வி: அலமாரியில் கிடந்த பழைய ஐபாட் கிளாசிக்கை (ஆப்பிளின் கையடக்கப் பாட்டு, வீடியோ கருவி) எடுத்து சார்ஜ் போட்டேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் செல்போனில் எடுத்த வீடியோக்களை, கணினியிலிருந்து கோப்புகளை அதற்கு மாற்றும் ஐடியூன்ஸ் மென்பொருள் ஏற்ற மறுக்கிறது. எல்லாமே எம்பி4 கோப்புகள்தான். அப்புறம் என்ன சிக்கல்?

பதில்: எம்பி4 என்பது டப்பா மட்டும்தான், உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இப்போதைய போன்கள் பலவும் எச்.265 முறையில் வீடியோவைச் சுருக்கி அந்த டப்பாவில் வைக்கின்றன. அந்த முறை வந்ததே 2013-இல், ஐபாட் கிளாசிக் வந்தது 2007-இல். கிளாசிக்குக்குத் தெரிந்தது எச்.264, அதிலும் பேஸ்லைன் எனப்படும் எளிய வகை. சுருக்கியதை விரித்துக் காட்டும் வேலையை அதற்கென்றே அமைத்த சில்லு செய்வதால், பின்னாளில் வந்த முறையை அதற்குக் கற்றுக்கொடுக்க வழியில்லை. நாம்தான் வீடியோவை மாற்ற வேண்டும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். எச்.264, புரொஃபைல் பேஸ்லைன், லெவல் 3.0 என்று வையுங்கள். அகலம் 640, உயரம் 360. வீடியோவுக்கு நொடிக்கு 800 கிலோபிட், ஒலிக்கு ஏஏசி என்ற ஒலிச் சுருக்க முறையில், ஸ்டீரியோவாக 128 கிலோபிட் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 மெகாபைட் வரும், அந்தச் சின்னத் திரைக்கு அது தாராளம். ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 30 என்று போட்டு, பக்கத்திலேயே இருக்கும் 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) என்பதையும் தேர்ந்தெடுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போன் கேமராக்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்வதுண்டு, அதை அப்படியே விட்டால் முதல் ஐந்து நிமிடம் சரியாக இருந்து, போகப்போக வாயசைவு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடலாம்.

முழு வீடியோவையும் எடுத்த எடுப்பில் மாற்றாதீர்கள். ஹேண்ட்பிரேக்கிலேயே 'ரேஞ்ச்' என்ற இடத்தில் நொடிக்கணக்கு கொடுத்து ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி மாற்றி, கருவியில் ஓட்டிப் பாருங்கள். ஒரு முறை இரண்டரை மணி நேர வீடியோவை இரவெல்லாம் மாற்றவிட்டு, காலையில் அது ஏறவே இல்லை என்று பார்த்து நொந்துபோனதிலிருந்து நான் இப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியின் திரை 480×272 என்பதால் அதே அளவுக்குப் பழைய குடும்ப வீடியோக்களை மாற்றினேன். எல்லோர் முகமும் உப்பித் தெரிகிறது. சப்டைட்டிலோ எறும்பு ஊர்வது போல இருக்கிறது.

பதில்: அந்த வீடியோக்கள் 4:3 விகிதத்தில் எடுத்தவையாக இருக்கும், அவற்றை அகலத் திரைக்கு இழுத்ததால்தான் முகம் உப்புகிறது. 320×240 என்று வையுங்கள், திரைக்கு ஏற்பப் பெரிதாக்குவதை பிஎஸ்பி பார்த்துக்கொள்ளும், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். நம்மவர்கள் முகம் நம்மவர்கள் முகமாகத் தெரிவதுதான் முக்கியம். சப்டைட்டிலை ஏஎஸ்எஸ் வகைக் கோப்பாகச் சேமித்தால் எழுத்தின் அளவையும் அதற்குள்ளேயே குறித்து வைக்கலாம், டிவிக்குப் போதுமான அளவைப் போல ஒன்றரை மடங்காவது வைத்து, 'பர்ன் இன்' கொடுத்துப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுங்கள். மாற்றிய கோப்பை மெமரி ஸ்டிக்கில் உள்ள 'வீடியோ' ஃபோல்டரில் போட வேண்டும்.

கேள்வி: பட்டன் போன் காலத்து 3ஜிபி (.3gp) வகை வீடியோக்கள் சில 176×144 அளவில் இருக்கின்றன. 640×480 ஆக மாற்றினால் தெளிவாகுமா?

பதில்: ஆகாது. படத்தில் இல்லாத புள்ளிகளை ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள் எங்கிருந்தும் கொண்டுவராது, கோப்புதான் பெருக்கும். அளவை அப்படியே விட்டு எச்.264-க்கு மட்டும் மாற்றுங்கள், ஒலி ஏஎம்ஆர் வகையில் இருக்கும், அதையும் ஏஏசி ஆக்கிவிடுங்கள். மாற்றியது ஓடுகிறதே என்று மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் தெளிவு போகும், இன்னொரு கருவிக்கு மாற்ற வேண்டி வந்தால் அந்த மூலத்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.