தண்ணீர் கண்ணாடி போல இருந்தும் கப்பி மீன்கள் ஏன் சாகின்றன?

கேள்வி: இரண்டடி நீளத் தொட்டியில் பதினைந்து கப்பிகளும் ஐந்து மோலிகளும் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி நிரப்புகிறேன். தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. இருந்தும் திங்கள், செவ்வாயில் ஒன்றிரண்டு செத்து மிதக்கின்றன. இவற்றின் ஆயுளே இவ்வளவுதானா?

பதில்: இல்லை. கப்பி சுமார் இரண்டு வருடம் இருக்கும். நல்ல தொட்டியில் மூன்றைத் தொடுவதும் உண்டு. மோலி மூன்று முதல் ஐந்து வருடம். ஒன்றை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: வாங்கும்போதே கப்பிக்குப் பல மாதம் வயதாகியிருக்கும். 28 டிகிரிக்கு மேலான சூட்டிலேயே வளர்ந்தால் வேகமாக வளர்ந்து வேகமாக முதுமையடையும். ஆனால் உங்கள் மீன்கள் வயதாகிச் சாகவில்லை. கழுவிய மறுநாளே சாகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதற்கு நிறமில்லை, தண்ணீர் தெளிவாக இருந்தும் விஷமாக இருக்கலாம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அவ்வளவு கெடுதலில்லை. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டித்தான் வாழ்கின்றன. நீங்கள் அழுக்கு என்று தேய்த்தெடுக்கும் அந்த வழுவழுப்புதான் அவற்றின் குடியிருப்பு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மிச்சமிருப்பவையும் போச்சு, மீனின் செவுளும் வெந்துபோகும். அவை மறுபடி பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். நீங்கள் ஒரு வாரம்கூடக் கொடுப்பதில்லை.

இனி முழுத் தண்ணீரையும் மாற்றவே வேண்டாம். வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அதே பழைய தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்துவிட்டுத் திரும்ப வையுங்கள். கல்லை அங்கேயே விட்டுவிட்டு, இடுக்கில் உள்ள கசடை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சுங்கள். புதுத் தண்ணீரை ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீராக இருந்தால் அப்படிப் போகாது. அதற்கென்று விற்கும் குளோரின் நீக்கி மருந்தைச் சேர்க்க வேண்டும். ஊற்றும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கட்டும்.

ஃபில்டரை இரவில் நிறுத்தும் பழக்கம் உண்டா? இருந்தால் விட்டுவிடுங்கள். ஓட்டம் நின்றால் அந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். கப்பி எப்போதும் பசித்தது போலவே மேலே வந்து நிற்கும், நம்பாதீர்கள். மீந்த தீனி அழுகினாலும் அம்மோனியாதான்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று இருப்பதாகத் தெரிந்தால், அளவு இறங்கும்வரை தினமும் கால் பங்கு மாற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். அதுவரை புது மீன் எதுவும் விட வேண்டாம். பெண் கப்பிகள் குட்டி போட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடும், அதுவே போதும். ஆறு வாரத்துக்குப் பிறகும் சாவு நிற்காவிட்டால், அந்த இரண்டு அளவுகளோடு செத்த மீனின் செவுள் என்ன நிறத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பழுப்பாக இருந்தால் நைட்ரைட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.