வாளை மீனும் யானையும்: உள்ளுறை எது, இறைச்சி எது?

கேள்வி: இளங்கலைத் தமிழ் படிக்கிறேன். சங்க அகப்பாடல்களில் வரும் உவமை, உள்ளுறை, இறைச்சி ஆகிய மூன்று உத்திகளுக்கும் இலக்கணம் மனப்பாடம். ஆனால், பாடலைக் கொடுத்து ‘இதில் வருவது எது?’ என்று கேட்டால் தடுமாறுகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நூற்பாவை, அதாவது இலக்கணச் சூத்திரத்தை, சற்று ஒதுக்கி வையுங்கள். பாடலில் வரும் விலங்கோ மரமோ ஓர் ஆளுக்குப் பதிலாக நிற்கிறதா, அல்லது அதுவாகவே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேயே தீரும்.

குறுந்தொகை 8-ஆம் பாடல், ஆலங்குடி வங்கனார் பாடியது. ‘கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’ என்று தொடங்குகிறது. வயலோர மாமரத்தில் கனிந்து தானாக உதிரும் பழத்தை வாளை மீன் கவ்வுகிறது. சொல்பவள் பரத்தை, அதாவது தலைவன் மனைவியைவிட்டு நாடிச்செல்லும் பெண். தலைவி தன்னைப் புறம்பேசினாள் என்று கேட்டு, தலைவியைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். பழம் தலைவன், வாளை இவள். ‘நான் வலைவீசவில்லை, அவனாகவே வந்தான்’ என்பதுதான் செய்தி. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. காட்சியின் ஒவ்வொரு கூறுக்கும் நேரான ஒன்று மறைந்து நிற்பதால் இது உள்ளுறை. அதே பாடலில், கையும் காலும் தூக்கத் தூக்கும் ‘ஆடிப் பாவை போல’ (கண்ணாடியில் தெரியும் உருவம் போல) அவன் மனைவி சொன்னபடி ஆடுகிறான் என்கிறாள். ‘போல’ வெளிப்படையாக இருக்கிறது, ஒப்பிடப்படுபவனும் இருக்கிறான். இது உவமை, தொல்காப்பியம் ‘ஏனை உவமம்’ என்பது இதைத்தான்.

இனி 37-ஆம் பாடல். பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. தலைவன் போன வழியில், பிடியின் (பெண்யானையின்) பசி தீர்க்க ஆண்யானை யா மரத்துப் பட்டையை உரிக்கும் என்று தோழி சொல்கிறாள். யானைதான் தலைவன் என்று எழுதி மாணவர்கள் பலர் மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான். அந்த யானை யானையே. தலைவன் அதைக் கண்ணால் காண்பான், தலைவியை நினைப்பான், திரும்பி வருவான். காட்சி தன் நிலையில் நிற்க, அதிலிருந்து மேலும் ஒரு பொருள் பிறக்கிறது. இது இறைச்சி. அன்பைத் தூண்டும் கருப்பொருளை (அந்த நிலத்து விலங்கு, மரம் போன்றவற்றை) காட்டித் தலைவியைத் தேற்றுவதற்குத் தொல்காப்பியப் பொருளியலில் தனி நூற்பாவே உண்டு.

உருவகம் உங்களுக்குத் தொல்லை தராது. ‘பிறவிப் பெருங்கடல்’ என்று இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லிவிட்டால் உருவகம், அவ்வளவுதான்.

இறைச்சியை உரையாசிரியர்கள் எல்லாரும் ஒரேபோல விளக்கவில்லை. ஆகவே உங்கள் பாடத்திட்டம் யாருடைய உரையைப் பின்பற்றுகிறது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடை எழுதும்போது முதல் வரியில் கூற்று யாருடையது, அதாவது பாடலில் பேசுவது யார் என்று எழுதிவிடுங்கள். தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளிலிருந்தும், தோழி சொன்னால் அந்த நிலத்துப் பொருளிலிருந்தும் உவமம் வர வேண்டும் என்கிறது தொல்காப்பிய உவமவியல். வாளைப் பாடலைத் தலைவி கூற்றாக எடுத்துக்கொண்டால் அதே மீன் வசைக்குரியதாகிவிடும். விடை முழுவதும் தடம் மாறிப்போகும்.