அம்மாவும் ஓவியக் கண்காட்சியும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் அம்மாவை ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. உள்ளே நுழைந்ததுமே, “இதெல்லாம் படிச்சவங்களுக்குப்பா, எனக்கென்ன தெரியும்” என்று சுவரோரமாக ஒதுங்கிவிட்டார். அங்கே எழுதி ஒட்டியிருந்த குறிப்புகள் எனக்கே புரியவில்லை. கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். கலை எல்லோருக்கும் என்பது வெறும் பேச்சுதானா?

ம.

அன்புள்ள ம,

உங்கள் அம்மா சொன்னது இரண்டு நாட்களாக மனதைவிட்டுப் போகவில்லை. அந்தக் கூச்சம் அவருடைய குறை இல்லை. ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வருபவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றைப் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1966இல் வெளியிட்டார். இந்த இடம் உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது என்று கேட்டதற்கு, உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் சொன்ன பதில்: தேவாலயம். குரலைத் தாழ்த்த வேண்டிய, எதையும் தொடக்கூடாத இடம். நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் இந்தப் பயம் போய்விடாது.

சில வருடங்களுக்கு முன் சக்கர நாற்காலியில் வரும் நண்பர் ஒருவரோடு ஒரு கேலரிக்குப் போயிருந்தேன். வாசலில் சாய்தளம் இருந்தது, மகிழ்ந்தோம். உள்ளே சிறிய ஓவியங்களை இடுப்புயரக் கண்ணாடிப் பெட்டிகளில் கிடத்தி வைத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் கூரை விளக்குகள்தான் தெரிந்தன. ஒவ்வொரு ஓவியமாக நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தால் போதும். அமைத்தவர்களில் ஒருவராவது ஒருமுறை அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கலாம் என்று இன்றும் கோபம் வருகிறது.

மனம் வைத்தால் முடியும். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் ஆறு ஓவியங்களின் பிரதிகளைப் புடைப்பாகச் செய்து, பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க வைத்தது. அவற்றில் ஒன்று அங்கேயுள்ள மோனாலிசா பிரதி. தொடாதே என்று காலங்காலமாகச் சொல்லிவந்த இடம், தொட்டுப் பாருங்கள் என்று அழைத்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

அம்மாவை மறுபடியும் அழைத்துப் போங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஒரே ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் போதும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் எடுத்த கணக்கு ஒன்று 2001இல் வெளியானது. புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால்கூட மக்கள் சராசரியாக நின்றது 27 வினாடிதான். படித்தவர்கள் எல்லோரும் ஆழ்ந்து பார்க்கிறார்கள் என்று நினைத்து நீங்கள் கூச வேண்டாம். சுவர்க் குறிப்பைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம், படிக்காமலும் விடலாம். அம்மாவிடம் “புரியுதா” என்று மட்டும் கேட்காதீர்கள். “என்னம்மா தெரியுது?” என்று கேளுங்கள். துணியின் மடிப்பையோ ஒரு முகத்தின் களைப்பையோ அவர் சொல்வார், நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

உட்கார இடம் இல்லையென்றால், குறிப்பு புரியவில்லையென்றால், கிளம்பும்போது கருத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு வாருங்கள். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.