இ-பைக்கில் போன என்னைக் கார் இடித்துவிட்டது. பொலிஸ் போட்ட அபராத டிக்கெட் எனக்குத்தான். எனக்குக் கார்க் காப்புறுதியும் இல்லை. ஒன்ராறியோவில் எனக்கு ஏதும் கிடைக்குமா?

"பிழை உன்னுடையது, வாயை மூடிக்கொண்டு இரு" என்று இதைக் கேட்ட உங்களுக்கு யாரோ சொந்தக்காரர் சொல்லியிருப்பார். இதே மாதிரி இடிபட்ட எனக்கும் சொன்னார்கள்.

2022 ஒக்டோபர், ஸ்காபரோவில் மார்க்கம் வீதியும் லோரன்ஸும் சந்திக்கிற இடம். பாதசாரிக் கடவையில் இ-பைக்கை இறங்கித் தள்ளாமல் ஓட்டிக்கொண்டே போனேன். வலப்பக்கம் திரும்பிய கார் தட்டியது. டிக்கெட் எனக்கு, அதை மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, சுளுக்கு என்று அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியோடு புத்தியும் சொன்னார்கள். பத்தொன்பது நாள் சும்மா இருந்தேன்.

பிறகு வேலைத்தளத்தில் ஒரு அண்ணை கேட்டார்: "மனுசியிட்டைக் கார் இருக்கெல்லே?" அப்போதுதான் விளங்கியது. கார் இடித்தால் சைக்கிள்காரனுக்கும் விபத்துப் பலன்கள், அதாவது கார்க் காப்புறுதி தரும் சிகிச்சைச் செலவு, சம்பள இழப்பு போன்றவை உண்டு, யார் பிழை என்று பார்ப்பதில்லை. முதலில் உங்கள் காப்புறுதி, இல்லாவிட்டால் மனைவி அல்லது கணவனுடையது, அதுவும் இல்லாவிட்டால் இடித்த காருடையது. இடித்தவன் ஓடிவிட்டு, வேறு எதுவும் இல்லையென்றால் மாகாண அரசின் நிதியம் இருக்கிறது. 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். நான் பிந்திய காரணத்தை எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். மனுசிக்குத் தன் காப்புறுதிக் கட்டணம் ஏறிவிடும் என்று பயம். ஏறவில்லை.

ஆனால் அந்தச் 'சுளுக்கு' என்னைப் படுத்திய பாடு! காப்புறுதிக்காரர் சிறுகாயம் என்று போட்டுவிட்டார்கள், சிகிச்சைக்கு மொத்தமே 3,500 டொலர். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு, அதன் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழமையாம். ஐந்தாம் கிழமை ஸ்கானில் பிடிபட்டது. அப்புறம்தான் 65,000 டொலர் வரையான வகைக்கு மாற்றினார்கள். வலி போகாவிட்டால் திரும்பப் படம் எடுக்கச் சொல்லி நில்லுங்கள்.

சம்பள இழப்புக்கு 70 வீதம், கிழமைக்கு 400 டொலருக்கு மேல் இல்லை, முதல் கிழமைக்குக் கிடையாது. தொழிற்சாலைச் சம்பளத்துக்குக் கிடைத்தது. தெரிந்தவர் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கையில் வாங்கிய காசை வரியில் காட்டவில்லை, ஆகவே அது கணக்கில் வரவில்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம். பொய்க் கழுத்துவலிக் கேஸ்களால்தான் எல்லாருக்கும் காப்புறுதி ஏறுகிறது என்று எழுத வருகிறவர்களுக்கு: என் மணிக்கட்டு எலும்பில் திருகாணி இருக்கிறது, படம் போடட்டுமா?

நீங்கள் விபத்துத் திகதியை எழுதவில்லை. 2026 ஜூலை 1 முதல் எழுதப்படும், புதுப்பிக்கப்படும் காப்புறுதிகளில் சம்பள இழப்பு விரும்பினால் வாங்குவது. வாங்கியவர் குடும்பத்துக்கும் அதில் பெயர் உள்ள சாரதிகளுக்கும்தான். வீட்டில் யாரும் அதை வாங்காவிட்டால், கார் இல்லாத உங்களுக்கு மருத்துவச் செலவு, பராமரிப்போடு சரி. இன்னொன்று, பெடலைக் கழற்றியிருந்தாலோ 500 வாட், 32 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினாலோ அது இ-பைக் அல்ல, காப்புறுதி இல்லாத மோட்டார் வாகனம். சம்பள இழப்பு அங்கேயே போய்விடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். பற்றரி தீப்பிடிக்கும் என்று எங்கள் கட்டட லிஃப்டில் இ-பைக்கை ஏற்ற விடுவதில்லை. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சப்வேயிலும் தடை. வீதியில் ஓட்டினால் பின்னால் ஹோர்ன். பிறகு எங்கேதான் ஓட்டுவது?

சரி, இடித்த காரின் காப்புறுதி இலக்கம் பொலிஸ் அறிக்கையில் இருக்கும். இன்றைக்கே போன் எடுங்கள்.